அண்ணன் பெயர் பச்சையானது

சத்தம் வந்தபோது அவள் வாயில் ஒரு கவளம் சாப்பாடு இருந்தது. அதை மென்றாளா, துப்பினாளா, அப்படியே விழுங்கினாளா என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை.

பெரிய திரையில் கிடங்கின் வரைபடம். அதில் குளிரறை மூன்று மட்டும் சிவப்பாக விட்டுவிட்டு எரிந்தது. பக்கத்தில் எழுத்து ஓடியது. அம்மோனியா கசிவு. முன்கதவு மூடப்பட்டது. குளிர் காற்றாடிகள் நிறுத்தப்பட்டன. பேக்கிங் கூடத்துக்கு வெளியேறும் அறிவிப்பு. தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல். ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்து விழுந்தது. கடைசியாக ஒன்று வந்து நின்றது: அறைக்குள் இருப்போர் பூஜ்யம்.

"அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்தாள். எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே சாய்ந்தாள்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. கேமராவுக்கு ஒரு டிவி, அதைப் பார்க்க ஒரு ஆள். கதவுக்கு ஒரு பூட்டு, சாவி மேஸ்திரி இடுப்பில். வாயு கசிந்தால் சுவரில் ஒரு சிவப்பு பல்பு எரியும்; அதை யாராவது பார்த்தால் உண்டு. தீ மணி வாட்ச்மேன் தலைக்கு மேலே. ஏதாவது நடந்தால் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு நாலு பக்கமும் ஓடுவார்கள். போன வருஷம் இதே குழாயில் ஒரு சின்னக் கசிவு. என்னவென்று பார்க்கப்போன வாட்ச்மேன் இருமிக்கொண்டே திரும்பி வந்தார்; இன்னும் இருமிக்கொண்டுதான் இருக்கிறார். அதற்குப் பிறகுதான் கம்பெனி எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்தது. கதவு, கேமரா, வாயு மணி, தீ மணி, ஒலிபெருக்கி, வாசல் கேட், ஆட்களின் அட்டை எல்லாம் இப்போது ஒரே மூளையில். பேக்கிங் மேசையில் பத்து விரலும் மரத்துப்போக ஆப்பிளுக்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தவளை, நாலு எழுத்து வேகமாகப் படிக்கிறாள் என்று தூக்கி இந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

சொல்லிக்கொடுத்த இன்ஜினியர் நல்ல மனிதர். அதட்டாமல் சொல்லிக்கொடுத்தார். "இனிமே நீங்க யாரும் ஓட வேணாம்மா. அது முந்திக்கும். நீங்க அது என்ன செய்யுதுன்னு மட்டும் பாத்துக்கிட்டா போதும்."

அதுதான் முந்திக்கொண்டது. அவள் கவளத்தை விழுங்குவதற்குள் கதவை அடைத்து, ஊரையே கூப்பிட்டுவிட்டது.

கையைக் கழுவலாம் என்று எழுந்தாள். பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள்.

சாப்பாட்டு நேரம்.

சாப்பாட்டு நேரத்தில் லோடு ஆட்கள் தனித்தனியாக அட்டை வைப்பதில்லை. கையுறையைக் கழற்றி, முரட்டுக் கோட்டுக்குள் கைவிட்டு, அட்டையை எடுத்து, விறைத்த விரலால் கருவியில் ஒற்றி, அது பீப் என்கிறவரைக்கும் நிற்க யாருக்குப் பொறுமை? எல்லார் அட்டையையும் ஒரு இரும்பு வளையத்தில் கோத்து ஒரே ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். அவன் கதவருகே நின்று டிக்கெட் கிழிப்பது மாதிரி வரிசையாக ஒற்றுவான். அதனால் அவன் பெயர் கண்டக்டர். கிடங்கில் எல்லாருக்கும் தெரியும். மேஸ்திரிக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். இன்ஜினியருக்கு மட்டும் தெரியாது. "அவங்கவங்க அட்டைய அவங்கவங்கதானே வைப்பாங்க?" என்று அவர் கேட்டபோது மேஸ்திரி தலையாட்டினார். அவர் ஆட்டியதைப் பார்த்து எல்லாரும் ஆட்டினார்கள்.

அந்த வளையத்தில் அவள் அண்ணனின் அட்டையும் இருக்கிறது. ஆனால் இந்த வாரம் அண்ணன் சாப்பாட்டுக்கு வெளியே வருவதில்லை.

அண்ணிக்கு இந்த வாரம் பகல் டூட்டி. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற வேலை, நடுவில் விடமாட்டார்கள். சின்ன வகுப்பு, பள்ளிக்கூடம் மத்தியானமே விட்டுவிடும்; குழந்தையை அழைத்து வர ஆள் இல்லை. அதற்காக ஒரு மாற்று ஏற்பாடு: சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் உள்ளேயே இருந்து கண்டக்டரின் பங்கு பெட்டியையும் சேர்த்து ஏற்றுவான். பதிலுக்கு, ஷிப்ட் முடிவதற்கு முன்னால் அவன் நழுவிப் பள்ளிக்குப் போய்விட, கண்டக்டர் அவன் வேலையையும் பார்த்து, மணி அடித்ததும் அவன் அட்டையையும் ஒற்றுவான். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு.

கணக்குக்கு அண்ணன் வெளியே. ஆள் உள்ளே.

அவள் மூன்றாம் அறைக் கேமராக்களைத் திறந்தாள். நாலும் வெள்ளை. பால் ஊற்றின மாதிரி வெள்ளை. ஒன்றில் மட்டும் ஒரு இரும்புத் தட்டியின் மூலை கறுப்பாகத் தெரிந்து, அதுவும் மறைந்தது.

"இருக்காது" என்று வாய்விட்டுச் சொன்னாள். "இன்னிக்கு வெளிய வந்திருக்கும். இன்னிக்குப் பாத்து வந்திருக்கும்."

காலையில் உள்ளே போகும்போது அவன் செய்ததை நினைத்தாள். தினமும் செய்வதுதான். கருவிக்கு மேலே இருக்கும் கேமராவுக்கு நேரே வந்து நின்று, ஒரு கை உறையைக் கழற்றி, ஐந்து விரலையும் விரித்து ஆட்டுவான். குளிர்க் கோட்டும் மயிர் வைத்த தொப்பியும் தோளில் தொங்கும் டீ பிளாஸ்க்குமாக நிற்கிறவனைக் கரடி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவன் அவளைக் கழுகு என்பான். "கழுகம்மா, குந்தின இடத்துலயே சம்பளம். கொஞ்சம் எங்களையும் பாத்துக்க" என்று கேமராவைப் பார்த்துச் சொல்வான். சத்தம் வராது. உதட்டை வைத்தே அவளுக்குத் தெரியும்.

ஆட்கள் கூடுமிடத்துக் கேமராவைப் போட்டாள். வண்டி நிறுத்தும் கொட்டகைக்குக் கீழே கூட்டம். பேக்கிங் பெண்கள் தலைத்துணியோடு, சாப்பாட்டு டப்பாக்களோடு. அங்கே கம்பத்தில் ஒரு கருவி இருக்கிறது. ஆபத்து நேரத்தில் வெளியே வந்தவர்கள் அதில் அட்டை வைக்க வேண்டும். வைத்தால் திரையில் அவர்கள் பெயர் சாம்பல் நிறத்திலிருந்து பச்சையாகும். எல்லாம் பச்சையானால் எல்லாரும் பத்திரம்.

பெயர்கள் பச்சையாகிக்கொண்டிருந்தன. அவள் பட்டியலை உருட்டி அண்ணன் பெயரில் நிறுத்தினாள். சாம்பல். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பச்சையானது.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேசையில் கையூன்றி, "பாவி, பாவி" என்று அவனைத் திட்டினாள்.

பச்சையான ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் படம் வந்து உட்கார்ந்தது. அட்டை வைக்கும் நொடியில் கம்பத்துக் கேமரா எடுக்கும் படம். இதுவும் இன்ஜினியர் கோத்துவிட்டதுதான். அண்ணன் பெயருக்குப் பக்கத்துப் படத்தில் கண்டக்டர் இருந்தான். வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது. அதற்கு மேல் பெயருக்கும் கண்டக்டர். கீழ்ப் பெயருக்கும் கண்டக்டர். வரிசையாக ஒரே முகம், ஒவ்வொன்றிலும் வாய் வேறு மாதிரி.

அவன் கொத்தை எடுத்து வழக்கம்போல ஒற்றிவிட்டான்.

திரையின் மேலே பெரிய எழுத்தில் வந்தது: அனைவரும் வெளியே. அனைவரும் பத்திரம். அதன் கீழே இன்னொரு வரி: தீயணைப்பு நிலையத்துக்கு இத்தகவல் தெரிவிக்கப்பட்டது.

உள்ளே ஆள் இல்லையென்றால் தீயணைப்புக்காரர்கள் உள்ளே போகமாட்டார்கள். வாயு அடங்குகிறவரைக்கும் வெளியே நின்று தண்ணீர் பீய்ச்சுவார்கள். பயிற்சியில் அவர்களே சொன்னதுதான்.

தொலைபேசி அடித்தது. மேனேஜர். அவர் டவுன் ஆபீஸில் இருந்து இதே திரையைப் பார்க்கிறார்.

"பாத்தீங்களாம்மா? எல்லாம் பச்சை! மணி அடிச்சு மூச்சு விடல, அதுக்குள்ள எல்லாரும் வெளிய. போட்ட காசு வீண் போகல."

"சார், எங்கண்ணன் உள்ள இருக்காரு."

"யாரு? இருங்க, பாக்கறேன்... பச்சைதானேம்மா காட்டுது."

"பச்சை அட்டைக்கு சார். ஆளுக்கு இல்ல. படத்த பாருங்க. அத்தனைலயும் ஒரே ஆளு."

அந்தப் பக்கம் படங்களைத் தட்டித் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெல்லிய குரலில், "ஐயோ, என்னடா இது" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும்தான் அவளுக்கு முழுப் பயமும் வந்தது. அதுவரை எங்கேயோ ஒரு மூலையில், தன் பயத்தை மேனேஜர் அதட்டி விரட்டிவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

"ஃபயர்காரங்களுக்கு நான் சொல்றேன். உள்ள ஆள் இருக்குன்னு சொல்றேன். நீங்க முன்கதவ மட்டும் திறந்துடாதீங்க. அது கூடத்துக்குள்ளதான் திறக்கும். கூடத்துக்கு வெளியவே அத்தனை பொம்பளைங்க நிக்கறாங்க. திறந்தா அவங்க மேல பாயும்."

"எவ்ளோ நேரத்துல வருவாங்க?"

"ரயில்வே கேட்டு போட்டிருக்காம். வராங்கம்மா. வந்துட்டே இருக்காங்க."

முன்கதவில் உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற கம்பி உண்டு. எந்தப் பூட்டும் அதைத் தடுக்காது. ஆனால் குழாய் விட்டுப்போனது அந்தக் கதவுக்கு நேர் மேலே. வரைபடத்தில் அந்த முனைதான் கருஞ்சிவப்பாக இருந்தது. அந்தப் பக்கம் போகிறவன் கம்பியைத் தொடுவதற்குள் விழுவான். பக்கவாட்டு அவசரக் கதவுக்கு முன்னால் காலிப் பலகைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அதற்கும் ஒரு மாதமாக எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். மிச்சம் பின்பக்க ஷட்டர். லாரி வந்து ஒட்டி நிற்கிற இடம்.

ஷட்டர் பொத்தானை அழுத்தினாள். திரை சொன்னது: வாகனம் இல்லை. திறக்க இயலாது.

இன்னொரு முறை அழுத்தினாள். வாகனம் இல்லை. திறக்க இயலாது.

இன்ஜினியருக்குப் போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அதற்குள் அவள் கண் ஓரத்துச் சின்னக் கட்டத்தில் விழுந்தது. சூடு பார்க்கும் கேமரா. பெட்டி தூக்குகிற வண்டியின் பேட்டரி சூடாகித் தீப்பிடித்தால் கண்டுபிடிக்க ஒவ்வொரு அறையிலும் ஒன்று மாட்டியிருந்தார்கள். அதில் எப்போதும் ஒன்றும் தெரியாது. கரும் ஊதாவாக இருக்கும். யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. அவள் திறந்தாள்.

ஊதா. மங்கலான ஊதா. பனிமூட்டம் அதையும் அரைகுறையாக மறைத்திருந்தது. மூலையில் வண்டியின் பேட்டரி லேசான சிவப்பு. அப்புறம் பின்பக்கம், ஷட்டருக்கு அருகே, தரைக்குக் கொஞ்சம் மேலே, எலுமிச்சை அளவில் ஒரு மஞ்சள் புள்ளி.

புள்ளி அசைந்தது.

அவளுக்குப் புரிந்தது. கோட்டும் தொப்பியும் உறையும் சூட்டை வெளியே விடுவதில்லை. விடுவது முகம் மட்டும். அவள் பார்த்துக்கொண்டிருப்பது அண்ணனின் முகம்.

"ஹலோ, சொல்லுங்கம்மா" என்றார் இன்ஜினியர்.

அவள் சொன்னாள். என்ன வரிசையில் சொன்னாளோ, அவருக்குப் புரிந்தது. ஒரு கேள்விகூடத் திருப்பிக் கேட்கவில்லை.

"ஷட்டர் விதிய இங்கருந்து எடுக்க முடியாதும்மா. அது சிஸ்டத்துல இல்ல. ஷட்டர் பக்கத்துப் பெட்டியிலயே கம்பி இணைப்பா இருக்கு. திறந்த ஷட்டர்லருந்து ஒரு ஆளு விழுந்து இடுப்பு போச்சுன்னு அப்படி வெச்சோம். வண்டி வந்து ரப்பர்ல முட்டணும். முட்டுனாத்தான் உங்க பொத்தான் வேலை செய்யும்."

"வண்டி."

"வெளிய லாரி ஏதாவது நிக்குதா பாருங்க. லாரி போற வழித் தடுப்பெல்லாம் நான் இங்கருந்து விட்டுடறேன். நீங்க ஆளப் புடிங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

கொடிக்கம்பத்துக் கேமராவில் துணி வெளிப்பக்கமாகப் பறந்தது. "வெளிய, வேலிப் பக்கம்."

"நல்லது. சீக்கிரம்."

முதலில் மூன்றாம் அறையின் ஒலிபெருக்கியை அழுத்தினாள். அவள் பேசுவது உள்ளே கேட்கும். உள்ளே பேசுவது அவளுக்குக் கேட்காது. குளிரறைக்குள் போனும் எடுக்காது.

"அண்ணே. நான்தான். கேக்குதா? கேட்டா கைய காட்டு. உறைய கழட்டிட்டுக் காட்டு."

மஞ்சள் புள்ளி அப்படியே நின்றது. ஒன்றும் நடக்கவில்லை. வாயு மணியின் கூச்சல் அங்கேயும் கேட்டுக்கொண்டிருக்கும். அதில் இவள் குரல் எங்கே கேட்கப்போகிறது. "அண்ணே!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி பிறந்தது. சின்னது. அதில் ஐந்து கீற்று. அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

"அங்கயே இரு. முன்கதவுப் பக்கம் போகாத. துண்ட நனைச்சு மூஞ்சில கட்டு. ஷட்டர திறக்கறேன். நான் திறக்கறேன் அண்ணே."

பிறகு வெளி ஒலிபெருக்கி. முற்றத்தின் கோடியில் ஒரு மஞ்சள் லாரி நின்றது. பெட்டியின் பின்கதவைத் திறந்து கட்டி, லோடுக்காகக் காத்திருக்கும் லாரி. டிரைவர் கதவைத் திறந்துபோட்டு, ஸ்டியரிங் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, இத்தனை கூச்சலுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பது போலப் படுத்திருந்தார்.

"மஞ்ச லாரி டிரைவர்! மஞ்ச லாரி!"

அவர் தலையைத் தூக்கிச் சுற்றும்முற்றும் பார்த்தார். தன் நெஞ்சில் விரலை வைத்து, நானா என்று காற்றிடம் கேட்டார்.

"நீங்கதாண்ணே! கால மேல போட்டிருக்கீங்களே, நீங்கதான். வண்டிய எடுத்து மூணாம் நம்பர் ஷட்டர்ல வெச்சு முட்டுங்க. உடனே."

டிரைவர் கீழே இறங்கினார். மூன்றாம் அறையின் கூரை இடுக்கிலிருந்து வெள்ளையாகக் கசிவதைப் பார்த்தார். அதைக் காட்டி, இரண்டு கையையும் விரித்தார். தலையை ஆட்டினார். வண்டியையும் காட்டி, தன்னையும் காட்டி, மறுபடி தலையை ஆட்டினார். அவர் பயந்தது அவளுக்குத் தெரிந்தது. அவர் இடத்தில் அவள் இருந்தாலும் தலையைத்தான் ஆட்டியிருப்பாள்.

"அண்ணே, உள்ள எங்கண்ணன் இருக்காரு. உயிரோட இருக்காரு. வண்டி முட்டுனாத்தான் கதவு திறக்கும். எனக்கு வேற வழி தெரியல. என் கூடப் பொறந்தவரு அண்ணே."

அந்த ஒலிபெருக்கி முற்றம் முழுக்கக் கேட்கும். கொட்டகைக்குக் கீழேயும் கேட்டது. பேக்கிங் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கண்டக்டர் கம்பத்தடியில் நின்றிருந்தான். அவன் தன் கையைக் குனிந்து பார்த்தான். அதில் வளையமும் கொத்தும் இருந்தன. பிறகு அவன் ஓடினான். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு, குளிர்க் கோட்டோடு, லாரியைப் பார்த்து ஓடினான்.

அவன் டிரைவரிடம் என்ன சொன்னானென்று அவளுக்குத் தெரியாது. திரையில் தெரிந்தது இவ்வளவுதான்: கண்டக்டர் டிரைவரின் சட்டையைப் பிடித்தான். டிரைவர் அவனைத் தள்ளினார். அப்புறம் டிரைவர் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே வண்டிக்குள் ஏறினார். கெட்ட வார்த்தைதான், அதற்குச் சத்தம் வேண்டியதில்லை.

லாரி பின்னால் நகர்ந்தது. கண்டக்டர் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே உள்ளங்கையால் தகரத்தில் அடித்தான். வா, வா, வா. ஒரு கை அடிக்க, இன்னொரு கை வளைந்து அழைத்தது. பேருந்து நிலையத்தில் வண்டி எடுக்கிறவன் மாதிரியே இருந்தது. சட்டைக் காலரை இழுத்து மூக்கை மூடிக்கொண்டிருந்தான்.

அவள் சூடு கேமராவுக்குத் திரும்பினாள்.

மஞ்சள் புள்ளி திடீரென்று பளீரென வெள்ளையாக எரிந்தது. முகத்தின் அளவைவிடப் பெரிதாக, தெறித்த மாதிரி. தீயா? பேட்டரியா? அந்த வெள்ளை மஞ்சளாகி, சிவப்பாகி, மங்கி, ஊதாவாகிப் போனது. கைப்புள்ளியும் இல்லை. எதுவும் இல்லை. எங்கும் ஊதா.

"அண்ணே."

ஊதா.

"அண்ணே, கைய காட்டு."

துண்டை நனைக்கச் சொன்னது அவள்தான். பிளாஸ்க் டீயை ஊற்றியிருப்பான், சூடாக எரிந்தது அதுதான், நனைந்த துண்டை முகத்தில் கட்டினால் முகம் மறையும், அதனால்தான் தெரியவில்லை. அவள் இதைத் தனக்கே சொல்லிக்கொண்டாள். அப்படியும் இருக்கலாம். குப்புற விழுந்து முகம் தரையில் புதைந்தும் இருக்கலாம். பிளாஸ்க் கையிலிருந்து நழுவிக் கொட்டியிருக்கலாம். ஊதாவுக்கு இரண்டும் ஒன்றுதான். அவள் திரைக்கு அவ்வளவு அருகில் போயிருந்தாள், அவள் மூச்சுப் பட்டு கண்ணாடி மங்கியது. புறங்கையால் துடைத்தாள். கையில் காய்ந்துபோயிருந்த எச்சில் பருக்கை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. ஒரு நொடி அதைப் புள்ளி என்று நினைத்துவிட்டாள்.

லாரி முட்டவில்லை. கோணலாக வந்துவிட்டது. கண்டக்டர் இரண்டு கையையும் தூக்கி நிறுத்தினான். முன்னால் போகச் சொன்னான். இருமினான், குனிந்து, தொடையில் கை ஊன்றி இருமினான். டிரைவர் தலை ஜன்னலுக்கு வெளியே வந்து, பின்னால் பார்த்து, உள்ளே போனது. வண்டி முன்னால் போய், ஒடித்து, மறுபடி பின்னால் வந்தது.

"வா, வா, வா" என்று அவளும் முனகினாள். "வாப்பா, வா."

லாரியின் முதுகு ரப்பரில் முட்டியது. வரைபடத்தில் ஒரு சின்னக் கட்டம் நீலமானது: வாகனம் உள்ளது. அவள் பொத்தானை அழுத்தினாள். வாய்க்குள் எதையோ கடித்துக்கொண்டாள். பிறகு பார்த்தால் உள்ளுதடு கிழிந்திருந்தது.

ஷட்டர் மேலே ஏறத் தொடங்கியது. மெதுவாக ஏறும் ஷட்டர். அவசரம் தெரியாத ஜென்மம். அடியிலிருந்து வெள்ளையாகப் பிதுங்கி லாரிக்கு இரு பக்கமும் வழிந்தது. காற்று அதை வேலிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. கண்டக்டர் லாரிப் பெட்டியின் பக்கக் கதவு வழியாக உள்ளே ஏறி மறைந்தான். கண்ணை மூடிக்கொண்டு ஏறினான்.

இப்போது எந்தத் திரையிலும் யாரும் இல்லை. வெள்ளை, வெள்ளை, ஊதா. தகர முதுகு. அவளுக்கு மூத்திரம் முட்டியது. தொடையை இறுக்கிக்கொண்டாள். இன்ஜினியர் போனில் இன்னும் இருந்தார். "என்னாச்சும்மா? என்னாச்சு?" என்று மேசையிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

லாரியின் பக்கக் கதவில் முதலில் ஒரு பூட்ஸ் வந்தது. அப்புறம் கண்டக்டரின் முதுகு. அவன் எதையோ பிடித்துப் பின்னோக்கி இழுத்தான். மயிர்த் தொப்பி. முகத்தில் சுற்றிய துண்டு, டீக்கறையோடு. இருவரும் படியில் உருண்டு மண்ணில் விழுந்தார்கள். பேக்கிங் பெண்கள் தண்ணீர் பாட்டில்களோடு ஓடிவந்தார்கள். எந்த நடைமுறையிலும் எழுதாத ஓட்டம் அது.

தொப்பி அசையவில்லை. ஒரு பெண் துண்டைப் பிரித்து முகத்தில் தண்ணீரைக் கொட்டினாள். இன்னொருத்தி கொட்டினாள். மாடி அறையில் அவள் நின்றுகொண்டு, "கண்ண கழுவு, கண்ண" என்று திரையிடம் சொன்னாள். ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அப்போது கீழே கிடந்தவன் ஒரு கையைத் தூக்கினான். எந்தப் பக்கம் கேமரா இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்க முடியாது. கண் திறக்கவே இல்லை. வானத்தைப் பார்த்து ஐந்து விரலையும் விரித்து ஆட்டினான்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது.

அவளால் உடனே ஓட முடியவில்லை. இந்த நாற்காலியைக் காலியாக விட்டுப் போகக்கூடாது. தீயணைப்பு வண்டிக்குக் கேட் திறக்க வேண்டும், ஆம்புலன்ஸுக்கு வழி காட்ட வேண்டும். வாட்ச்மேன் இருமிக்கொண்டே மாடி ஏறி வந்து, "நீ போம்மா. கேட்டு பொத்தான் எதுன்னு மட்டும் காட்டிட்டுப் போ" என்ற பிறகுதான் எழுந்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

அண்ணனை, கண்ணில் ஈரத்துணி கட்டி, ஆம்புலன்ஸ் படுக்கையில் கிடத்தியிருந்தார்கள். மூக்கில் குழாய். நெஞ்சு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கையைத் தொட்டதும் பிடித்துக்கொண்டான். பேச வாயெடுத்தான், வெறும் காற்றுதான் வந்தது.

"பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்கு" என்றார் ஆம்புலன்ஸ்காரர். "கண்ணு தப்பிச்சிடும்னுதான் நெனைக்கறேன். ஆஸ்பத்திரிலதான் சொல்வாங்க."

அண்ணன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினான். கடிகாரம் கட்டும் இடம். அப்புறம் கையைத் தாழ்த்தி, இடுப்பு உயரத்தில் தட்டையாக நிறுத்தினான். இவ்வளவு உயரம்.

"பாப்பாவா? நான் போறேன். நான் கூட்டிட்டு வரேன். நீ கம்முனு கிட."

அவன் கோட்டுப் பையைத் தடவித் தன் போனை எடுத்து அவளிடம் கொடுத்தான்.

கண்டக்டர் லாரிச் சக்கரத்தடியில் உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. டிரைவர் பக்கத்தில் நின்று பீடியை எடுத்தார், என்ன நினைத்தாரோ, பற்றவைக்காமல் காதில் செருகிக்கொண்டார். அவளைப் பார்த்ததும் கண்டக்டர் எழப் பார்த்தான், முடியவில்லை.

"தங்கச்சி, கை தானா போச்சு. சத்தியமா சொல்றேன். கருவிய பாத்ததும் கை தானா போச்சு. அவன் உள்ள இருக்கான்னு... கருவி பீப்புன்னதும் எல்லாம் சரின்னு தோணிருச்சு."

அவளுக்கு அவனை அறையவேண்டும் போல இருந்தது. அவன் காலைப் பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. வளையத்தை வாங்கி, அண்ணனின் அட்டையைத் தேடிக் கழற்ற முயன்றாள். வளையம் இறுக்கம். நகம் ஒடிந்தது. டிரைவர் வாங்கி, பல்லால் கடித்து விரித்து, அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"எங்க போகணும்மா?" என்றார்.

"பள்ளிக்கூடம்."

"ஏறு. இந்த வண்டிய எப்படியும் இங்கருந்து எடுத்தாகணும்."

லாரிக்குள் இன்னும் அந்த வாடை இருந்தது. கண் எரிந்தது. இருவரும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் அண்ணனின் போன் அதிர்ந்தது. பள்ளியிலிருந்து தினமும் வரும் செய்தி. கேட்டில் குழந்தையின் அட்டை வைத்ததும் பெற்றோருக்குத் தானாகவே வருவது: உங்கள் குழந்தை பத்திரமாக வெளியே வந்துவிட்டார்.

பச்சை நிறத்தில் ஒரு சின்ன டிக்.

"வேகமா போங்கண்ணே" என்றாள்.

"போய்ட்டுதானே இருக்கேன்."

"வேகமா போங்க!"

அவள் குரலைக் கேட்டு டிரைவர் திரும்பிப் பார்த்தார். பிறகு ஹாரனில் கையை வைத்து அழுத்தியபடியே ஓட்டினார்.

பள்ளி கேட்டுக்கு வெளியே ஒரே சீருடை. ஒரே நீல நிறம், ஒரே பை, ஒரே பின்னல். லாரி நிற்பதற்கு முன்னால் குதித்தாள். பின்னால் டிரைவர் ஏதோ கத்தினார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள். இது இல்லை. இது இல்லை. இதுவும் இல்லை. யாரோ ஒரு அம்மா, "பாத்து வாங்க" என்று அதட்டினாள்.

சுவரோரம், இந்த வாரம் தினமும் அப்பா வந்து நிற்கும் இடத்தில், குழந்தை பையை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். ஒரு குச்சியால் எறும்புக்கு வழி மறித்துக்கொண்டிருந்தாள்.

அவள் மண்டியிட்டு அந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். கன்னம், காது, பின்னல், தோள், கை. சூடாக இருந்தது. வெயிலில் குந்தியிருந்த குழந்தையின் சூடு.

"விடு அத்தே, வலிக்குது. உன் மேல என்ன நாத்தம்? ஏன் லாரில வந்தே?"

"சும்மா வந்தேன்."

"அப்பா எங்க? இன்னும் உள்ளயே இருக்காரா?"

"இல்ல" என்றாள். பிடியை விடவில்லை. "வெளிய வந்துட்டாரு. கை ஆட்டுனாரு. நான் பாத்தேன்."